புளியடி வாய்க்கால் பற்றிய என் கட்டுரைக்கு எதிராக நானே செய்யும் முறைப்பாடு

அனுப்புநர்:
எம். ஐ. அபுல் ஹஸன்,
உதவி ஆசிரியர்,
மூன்றாம் குறுக்குத் தெரு,
கல்முனைக்குடி.

பெறுநர்:
உதவி அரசாங்க அதிபர் அவர்கள்,
உதவி அரசாங்க அதிபர் பணிமனை,
கல்முனை.

விடயம்: புளியடி வாய்க்காலின் சிறுபோகத் தண்ணீர் முறை தொடர்பாகத் தங்கள் முன் வைக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரையை விலக்கிக்கொள்ளல், அதை எழுதியவர் மீது முறைப்பாடு.

கனம் ஐயா,

1. முறைப்பாடு என்பது மற்றவர் மீது செய்யப்படுவதே வழக்கம் என்பதை அறிவேன். தங்கள் பணிமனை வாசலில் இருந்து மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். எதிராளியின் பெயர் என்ன என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். மனுதாரரின் பெயர் என்ன என்று கேட்டார். அதையே திரும்பவும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வெயிலுக்குள் அலையாமல் வீட்டுக்குப் போகும்படி எனக்குப் புத்தி சொன்னார். ஆகவே இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் அதுவும் என்னையே சேரும்.

2. சென்ற மாதம் தாங்கள் தலைமை தாங்கிய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் புளியடி வாய்க்காலின் தண்ணீர் முறை மாற்றப்பட்டது. அதுவரை வாய்க்காலின் தலைப்பக்கத்து வயல்களான மேல்கண்டமும் கடைப்பக்கத்து வயல்களான கீழ்கண்டமும் முறை வைத்து மாறி மாறிப் பாய்ச்சி வந்தன. இப்போது மேல்கண்டம் முழுவதும் பாய்ந்த பிறகு மிஞ்சுவதுதான் கீழ்கண்டத்துக்கு. மழை குறைந்த சிறுபோகத்தில் என்ன மிஞ்சும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மேல்கண்டம் எங்களூர் முஸ்லிம்களுடையது. அதில் பெரும்பங்கு என் மாமனார் அப்துல் கபூர் போடியாருடைய காணி. கீழ்கண்டம் காரைதீவுத் தமிழ் விவசாயிகளுடையது. தங்கள் உத்தரவுக்கு அடிப்படையாக இருந்தது நான் எழுதிய கட்டுரை. அந்தக் கட்டுரை பிழையானது. அதனால் பயனடைபவர் என் மாமனார் என்பதையும் கட்டுரையின் எந்த மூலையிலும் நான் குறிப்பிடவில்லை. சொல்லத் துணிவு இருக்கும்போதே இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

3. நான் ஆசிரியர்களுக்கான கல்வி டிப்ளோமா பயில்பவன். இறுதி ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பிக்க வேண்டும். ஒரே ஆதாரத்தில் தொங்கக் கூடாது, பல வகையான ஆதாரங்களைத் திரட்ட வேண்டும், ஒவ்வொன்றையும் அடிக்குறிப்பில் காட்ட வேண்டும் என்று விரிவுரைகளில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்கள். நல்ல பாடம்தான். பாடத்தில் ஒரு குறையுமில்லை. நான்தான் அதைக் கலியாணச் சோற்றில் கறிவகை எண்ணுவதுபோல விளங்கிக்கொண்டேன். எத்தனை வகை வந்திருக்கிறது என்று பார்த்தேனே தவிர, எல்லாம் ஒரே சட்டியிலிருந்து வந்ததா என்று பார்க்கவில்லை. அடிக்குறிப்பு எழுதுவதில் எனக்கு ஒரு ருசியே ஏற்பட்டிருந்தது. பக்கத்தின் அடியில் கோடு போட்டு, இலக்கமிட்டு, 'மேலது' என்று எழுதும்போதெல்லாம் நான் பெரிய ஆள் என்ற எண்ணம் தலைக்கேறியது.

4. என் பூட்டனார் மீராமுகைதீன் என்பவர் தம் சொந்தப் பொருளில், மேல்கண்டத்துக்காகவே இந்த வாய்க்காலை வெட்டுவித்தார் என்பது கட்டுரையின் முடிவு. அதற்கு நான் காட்டிய ஆதாரங்கள் நான்கு:

(அ) எங்கள் பள்ளிவாசல் ஆண்டுவிழா மலரில் வந்த ஒரு கட்டுரை.

(ஆ) பத்திரிகையொன்றில் வந்த ஊர்ச் செய்தி.

(இ) அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுத்த முன்னாள் வட்டைவிதானை பக்கீர் முகைதீன் அவர்களின் வாய்மொழி.

(ஈ) வாய்க்கால் மதகிலுள்ள கல்வெட்டு. கல்வெட்டு என்று நான் எழுதியது, மதகைத் திருத்தியபோது பூசிய சீமெந்துப் பலகையை. சீமெந்து நன்றாகக் காய்ந்திருந்தது என்பதைத் தவிர அதில் பழமை எதுவும் இல்லை. அதற்குக் கல்வெட்டு என்று பெயர் சூட்டியதும் நானே.

அச்சு, பத்திரிகை, வாய்மொழி, கல்வெட்டு என நான்கு வகை. வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

5. கட்டுரையைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தவர் என் மாமனார். அவர் கையில் கொடுத்தவன் நான். தாங்கள் அடிக்குறிப்புகளைப் புரட்டிப் பார்த்து, இந்தப் பக்கத்தில் இவ்வளவு ஆதாரத்தோடு ஒருவர் எழுதித் தாங்கள் கண்டதில்லை என்று எல்லார் முன்னிலையிலும் பாராட்டினீர்கள். எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. பிறகு கீழ்கண்டத்தார் பக்கம் திரும்பி, மறுத்துச் சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டீர்கள். காரைதீவு கனகரெத்தினம் எழுந்தார். அவர் காலஞ்சென்ற என் தந்தையாரின் சிநேகிதர். ஒரே வரம்பில் இருந்து, கொண்டுவந்த சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள் இருவரும். அவர் வாய் திறக்கும் முன்பே நான் எழுந்து, ஆதாரம் இருந்தால் காட்டட்டும், சும்மா கதைத்துப் பிரயோசனமில்லை என்று சொன்னேன். தந்தையின் இடத்தில் வைக்க வேண்டிய மனிதரைச் சபையில் வைத்து அப்படிச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் இருந்த மாமனாரைப் பார்த்தார். பிறகு தங்களைப் பார்த்து, "ஒண்டுமில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு அமர்ந்தார். கையில் எதுவும் இல்லாததால் அமர்ந்தார் என்று நான் நினைத்தேன். தாங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது எங்கள் பக்கத்தார் என் முதுகில் தட்டினார்கள். அந்த இடம் இப்போது கூசுகிறது.

6. அதன் பின்னர், டிப்ளோமாவுக்காகச் சமர்ப்பித்திருந்த அதே கட்டுரை என் மேற்பார்வையாளரிடமிருந்து திரும்பி வந்தது. புள்ளி இடப்படவில்லை. நான்கு ஆதாரங்களுக்கும் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு, "இந்த நால்வருக்கும் இது எப்படித் தெரியும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. ஓர் அரசாங்க அதிகாரி சபையில் பாராட்டிய கட்டுரையை இவர் கேள்வி கேட்கிறாரே என்று வந்த கோபம். அவருடைய வாயை அடைப்பதற்காகவே ஒவ்வொருவரிடமும் போனேன். உண்மையைத் தேடிப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படிப் போகவில்லை.

7. பத்திரிகை நிருபர், பள்ளிவாசல் மலரைப் பார்த்து எழுதியதாகச் சொன்னார். ஆக நான்கு மூன்றாயிற்று. மலரில் எழுதியவர் என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பிப்பவர். அவர் சிரித்தார். "மாஸ்டர், ஒங்கட கலியாண வாழ்த்தப் பார்த்துத்தானே எழுதினன்? ஒங்கட குடும்பத்துக் கத ஒங்களுக்குத் தெரியாம ஆருக்குத் தெரியும்?" என்றார். மதகில் பலகை பதித்தது யார் என்று மாமனாரைக் கேட்டேன். தாம்தான் பதித்ததாகவும், வாசகத்தை எங்கள் வீட்டு மண்டபத்தில் தொங்கும் அதே வாழ்த்திலிருந்து எடுத்ததாகவும் சொன்னார். மருமகனின் குடும்பத்துக்கு மரியாதை செய்ததாக நினைத்து அவர் அதைச் செய்திருக்கிறார்; அவரில் பிழையில்லை.

மீதமிருந்தவர் பக்கீர் முகைதீன் விதானையார் ஒருவரே. அவரை நான் மலைபோல நம்பியிருந்தேன். கிழவர் என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, "ஓம் மகன், எனக்கு நல்லா ஞாபகம் கிடக்கு. ஒங்கட கலியாணத்தில ஸ்பீக்கர் கட்டிப் படிச்சாங்களே, அப்பதான் கேட்டன். அதுக்கு முதல் எனக்குத் தெரியாது" என்றார். முதல் முறை போனபோதும் இதையே சொல்லியிருப்பார். 'ஓம்' என்ற சொல் வந்ததும் நான் அதை எழுதிக்கொண்டு எழும்பிவிட்டிருப்பேன்.

8. தாங்கள் வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் பகுதிக் கலியாண வழக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிபோவார். அவரோடு ஒரு வாழ்த்துப்பாவும் போகும். சிநேகிதர்கள் அதை எழுதி, அச்சடித்து, சபையில் படித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பார்கள். அது பெண் வீட்டு மண்டபத்தில் தொங்கும். அதில் மாப்பிள்ளையின் குடும்பம் கொஞ்சம் பெரிதாக்கப்படும். எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை, கேட்பதும் மரியாதையில்லை. என் வாழ்த்தில் உள்ள வரிகள் இவை:

வற்றாத புளியடி வாய்க்காலைத் தன்பொருளால்
வெட்டுவித்த மீராமுகைதீன் பூட்டப்பிள்ளை வாழியவே.

இந்தச் சட்டத்தின் கீழே மேசை போட்டுத்தான் நான் கட்டுரையை எழுதினேன். நான்கு இடத்துக்கு நடந்தவன் தலையை நிமிர்த்திச் சுவரைப் பார்க்கவில்லை. வீட்டுச் சுவரில் தொங்குவது ஆய்வுக்கு ஆகாது என்று நினைத்தேன். இன்னும் உள்ளதைச் சொன்னால், பார்த்துப் பார்த்து அந்த வரிகளை நான் நம்பியே விட்டேன். என் வாப்பா ஒரு நாளும் சொல்லாத, உம்மா பாத்தும்மா ஒரு நாளும் சொல்லாத பெருமை அது. காணி பூமி இல்லாத வீட்டிலிருந்து போடியார் வீட்டுக்குக் குடிவந்தவனுக்கு அந்தப் பெருமை தேவைப்பட்டது.

9. வாழ்த்தை எழுதி அச்சடித்தவர் என் சிநேகிதர் ஹமீட்; கல்முனையில் ஓர் அச்சகம் வைத்திருக்கிறார். எங்கிருந்து எடுத்தாய் என்று அவரிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டபோது, "நானா சும்மா எழுதின மச்சான்? ஒனக்கு வாப்பாவும் இல்ல, காணியும் இல்ல, எழுத ஒண்டும் ஆப்பிடல்ல. கனகரெத்தினத்தார்தான் வந்து சென்னாரு. இவன்ட பூட்டன்தான் புளியடி வாய்க்கால வெட்டின எண்டு போடு, நான் சென்ன எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லிடாத எண்டாரு" என்றார்.

ஐயா, இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தில் நின்றேன். இப்போது தொடர்கிறேன்.

ஹமீட் சொன்னதைக் கேட்டவுடன் நான் நியாயமாக நடந்துகொண்டதாகத் தாங்கள் நினைக்க வேண்டாம். அச்சகத்திலிருந்து வீடு வரும் வழியெல்லாம் வேறொன்றை யோசித்தேன். அந்த வாழ்த்தையே ஐந்தாவது ஆதாரமாகச் சேர்த்து, 'இலக்கியச் சான்று' என்று தலைப்பிட்டு, மேற்பார்வையாளருக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அடிக்குறிப்பைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

10. மறுநாள் சைக்கிளில் காரைதீவுப் பக்கம் போனேன். கனகரெத்தினம் வயலில்தான் நின்றார். கீழ்கண்டத்து வாய்க்காலில் அடிமண் தெரிந்தது. அவருடைய நெல் குடலைப் பருவத்தில் நிற்கிறது. இலை நுனிகள் சுருளத் தொடங்கியிருந்தன. கதிர் வர வேண்டிய வேளையில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று தங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஓம் தம்பி, நான்தான் சொன்னன். அண்டைக்கு உன்ட வாப்பா இருந்திருந்தா நான் ஏன் வாய் திறக்கப் போறன்? பெண் ஊடு பெரிய ஊடு. அந்தச் சபையில உன்ட பக்கத்துக்கு ஒரு பேரும் இல்லாம நீ குனிஞ்சிக்கிட்டு இருப்பாய் எண்டு எனக்கு மனசு கேக்கல்ல. அந்த வாய்க்காலை எங்கட பூட்டன், உங்கட பூட்டன், எல்லாருமாச் சேர்ந்துதான் வெட்டினதெண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க. நான் உன்ட பூட்டன மட்டும் சொல்லி விட்டன். கலியாண வாழ்த்துத்தானே, அது வந்து தண்ணிய மறிக்குமெண்டு ஆர் கண்ட?"

அப்படியென்றால் கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "என்னெண்டு தம்பி சொல்ற? உன்ட மாமனார் பக்கத்தில இருக்கார். ஊரே இருக்கு. அது பொய்யெண்டு நான் எழும்பிச் சொன்னா, மறுகா நீ அந்த ஊட்டுக்க போய் எப்படிச் சோறு தின்ற?" என்றார். பிறகு என்னை வரம்பில் இருக்கச் சொல்லி, தம்முடைய போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றித் தந்தார். குடித்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆதாரம் இருந்தால் காட்டட்டும் என்று நான் சபையில் சொன்னேன். ஆதாரம் அவரிடம்தான் இருந்தது. என் முகத்தைக் காப்பாற்றுவதற்காக அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தம் வயலைக் காயவிட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட மரியாதையான சொல் ஒன்றைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

11. எல்லாருமாகச் சேர்ந்து வெட்டினார்கள் என்று கனகரெத்தினம் சொன்னதை வரலாறாக ஏற்கும்படி நான் தங்களைக் கேட்கவில்லை. அதுவும் ஒரே வாய், செவிவழி வந்தது. அவரே 'சொல்லுவாங்க' என்றுதான் சொன்னார். அந்தச் சொல்லை விழுங்காமல் மேலே எழுதியிருக்கிறேன். என் கட்டுரையில் அப்படி எத்தனை 'சொல்லுவாங்க'வை விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது. வாய்க்காலை யார் வெட்டினார் என்பதும் எனக்குத் தெரியாது. கட்டுரையின் முதல் பக்கத்திலேயே நான் எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் அது. நீர்ப்பாசனப் பகுதியாரிடம் பழைய நில அளவைப் படம் ஏதும் இருந்தால் அதைப் பார்க்கலாம். எனக்கு அங்கே போகத் தோன்றவில்லை. போனால் என் பூட்டனாரின் பெயர் இல்லாமல் இருந்துவிடுமோ என்ற பயம் உள்ளுக்குள் இருந்திருக்கலாம்.

இரு கண்டத்தாரும் மாறி மாறித் தண்ணீர் பாய்ச்சியது மட்டும் நான் சிறு வயதிலிருந்து கண்ணால் கண்டது. பக்கீர் முகைதீன் விதானையார் அந்த முறையைத் தம் கையாலேயே பங்கிட்டவர். அதைப் பற்றிச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை. அவரிடம் நான் அதைக் கேட்கவேயில்லை. அவருக்குத் தெரிந்ததை விட்டுவிட்டு, தெரியாததைக் கேட்டு, தலையாட்டலை எழுதிக்கொண்டு வந்தேன்.

12. இதை வீட்டிலும் சொல்லிவிட்டேன். மாமனார் அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை. வாழ்த்துப் பொய் என்பதால் அல்ல, அதைத் தங்களிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்பதால்தான் கோபம் என்று நினைக்கிறேன். இது என் ஊகம், ஆதாரமில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவர் எழும்பிய பிறகுதான் நான் இருக்கிறேன். கனகரெத்தினம் பயந்தது அப்படியே நடக்கிறது. என் மனைவி ஸாலிஹா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் ஒங்களத்தானே கலியாணம் முடிச்ச, ஒங்கட பூட்டனயா முடிச்ச?" என்றார். கதிரை போட்டு ஏறி, சட்டத்தைத் தாமே கழற்றி, பழைய சாரனொன்றில் சுற்றித் தந்தார். அதை இம்மனுவுடன் இணைத்துள்ளேன். கண்ணாடி உடையாமல் பார்த்துக்கொள்ளும்படி தயவாகக் கேட்கிறேன். விசாரணை முடிந்ததும் அது எனக்குத் திரும்ப வேண்டும். அதை எழுதச் சொன்னவர் என் மீது வைத்த பிரியம் எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

13. ஆகவே நான் பணிவுடன் வேண்டுவது: என் கட்டுரையைத் தங்கள் கோவையிலிருந்து விலக்கி, அது ஆதாரமற்றது என்று எழுதிவைக்க வேண்டும். புளியடி வாய்க்காலின் பழைய முறையை இந்தக் கிழமையே திருப்பித் தர வேண்டும். விசாரணை வேண்டுமென்றால் தண்ணீரை விட்ட பிறகு செய்யலாம், நெல் காத்திராது. நோன்பு மாதம் தொடங்க இருக்கிறது. கீழ்கண்டம் காய்ந்து கிடக்க, இந்தப் பாரத்தோடு நோன்பு நோற்க என்னால் முடியாது. என் பாராட்டு எந்தச் சபையில் சொல்லப்பட்டதோ அதே சபையில் இம்மனு முழுவதும் வாசிக்கப்பட வேண்டும். ஆசிரியனாகிய என் மீது எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவோ அதை எடுக்கலாம். என் மாமனாரையும் மேல்கண்டத்து மற்றவர்களையும் அதில் சேர்க்க வேண்டாம். அவர்கள் என்னை நம்பினார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று. அந்தக் கூட்டத்துக்குக் கனகரெத்தினத்தையும் அழைப்பீர்கள். நானும் அங்கே இருப்பேன், மாமனாரும் இருப்பார். கனகரெத்தினம் எழுந்து, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடியும் "ஒண்டுமில்லை ஐயா" என்று சொல்லி அமரக்கூடும். தயவுசெய்து அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தலைகுனிவுடனும் மரியாதையுடனும்,

கல்முனைக்குடி,
08.06.1982.

(ஒப்பம்)
எம். ஐ. அபுல் ஹஸன்
மனுதாரரும் எதிராளியும்